கறுத்துப்போன மூன்று பொத்தான்

புதுக் கீபோர்டு வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, உன்னுடைய பழைய கீபோர்டைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற பொத்தான்கள் எல்லாம் வெளுத்துவிட்டன. மூன்று மட்டும் போகமாட்டேன் என்கின்றன. Y, N, அப்புறம் அந்தப் பெரிய எண்டர். மூன்றிலும் அலுமினியப் பொடி ஏறிக் கறுத்திருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனால் பட்டாசு மருந்து வாசனை லேசாக வருகிறது. நீ ஆபீசுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்த்தவள். மருந்து அறைப் பக்கம் உனக்கு என்ன வேலை? உன் விரலுக்கு அந்தப் பொடி எப்படி வந்தது என்று நீ இருந்த காலத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

இப்போதும் பாதி விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்கவேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வேறு வழி தெரியவில்லை. "செத்துப்போன புள்ளைக்கா எழுதுத?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். "எழுது, எழுது. அது இருக்கையிலயே ஒன் கேள்விக்குப் பதில் சொல்லாது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

நம் கம்பெனி எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதலிலிருந்து அடுக்கினால்தான் எனக்கே பிடிபடும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள். முன்னால் ஆபீஸ். பின்னால் வேப்பமரங்கள். அதற்குப் பின்னால் தள்ளித் தள்ளி மருந்து அறைகள். கடைசியில், வெயில் தடையில்லாமல் விழுகிற இடத்தில், சரக்கைக் காயப்போடுகிற சிமெண்டு மேடை. என் அம்மாவுக்கு அந்த மேடையில்தான் வேலை. காலையில் ஈரமருந்துச் சரக்கைத் தட்டுத் தட்டாகப் பரப்புவார்கள், காய்ந்தபின் எடுத்து உள்ளே கொண்டுபோவார்கள். தட்டுக் கணக்குக்குத்தான் கூலி. தாத்தா காலத்தில் நாங்கள் அடுத்தவர் காட்டில் களை வெட்டினவர்கள். எங்கள் வீட்டிலிருந்து பட்டாசுக்கு வந்த முதல் ஆள் அம்மா. நான் படித்துவிட்டு அதே கம்பெனி ஆபீசில் பில் போடுகிறவளாக வந்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அந்த வேப்பமரங்கள்தான் தூரம்.

நீ விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவாய். அப்பாவை நீ அத்தா என்பாய், அவருக்கு அங்கே வத்தல் கமிஷன் கடை. "கடையில கணக்கு எழுதச் சொன்னாக. மொளகா நெடியில தும்மியே செத்துருவேன்னு இங்கன ஓடியாந்துட்டேன்" என்று வந்த அன்றைக்கே சொன்னாய். தும்மலுக்குப் பயந்து பட்டாசுக் கம்பெனிக்கு வந்த ஒரே ஆள் இந்த வட்டாரத்திலேயே நீயாகத்தான் இருப்பாய்.

வந்த வருஷமே அந்தப் புரோகிராமை எழுதினாய். மருந்து அறைகளில் சூடு பார்க்கிற கருவி முன்பே இருந்தது. ஆனால் அதை ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்லை. நீ அங்கிருந்து ஒயர் இழுத்து உன் கம்ப்யூட்டரில் சேர்த்தாய். கம்ப்யூட்டரிலிருந்து கூரைமேல் இருக்கிற சங்குக்கு இன்னொரு ஒயர். அறைக்குள் சூடு எல்லை தாண்டினால் நீளச் சங்கு ஊதும். எல்லோரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். சூடு இறங்கினால் இரட்டைச் சங்கு. திரும்ப வேலைக்குப் போகலாம். அதற்குக் காவக்காரன் என்று பேர் வைத்தாய். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு படம் கிடையாது, ஒரு கலர் கிடையாது. கேட்டால் யூனிக்ஸ் என்றாய். நாள் முழுக்க அதைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய்.

"ஏட்டி, அது பாட்டுக்கு ஓடிட்டுப் போகுது. மாப்பிள்ளை போட்டோவப் பாக்குற மாதிரி எதுக்கு அதையே பாத்துக்கிட்டு இருக்க? பின்னால தள்ளிவிட்டுட்டு வேற வேலையப் பாக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"பின்னால போனா அதால பேச முடியாது" என்றாய்.

கம்ப்யூட்டர் எப்போது பேசியது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ அப்படித்தான். ஒரு வரி சொல்வாய், அதற்கு அர்த்தம் கேட்டால் சிரிப்பாய். சிரிக்கிறவளை என்ன செய்ய?

ஒன்று ஞாபகம் இருக்கிறதா? இரட்டைச் சங்கு எப்போதும் லேட்டு. பக்கத்துக் கம்பெனிகளில் ஆட்கள் உள்ளே போய் வேலை மும்முரமாக நடக்கும், நம் ஆட்கள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். "ஏம்மா, சீசன் நேரத்துல இங்கன மட்டும் என்ன கச்சேரியா நடக்கு? சங்கு என்ன ஆச்சு?" நீ தலையைத் தூக்காமல், "கம்ப்யூட்டர் ஸ்லோ மொதலாளி" என்பாய். அவர் தலையில் அடித்துக்கொண்டு போவார். புதுசு வாங்கித் தருகிறேன் என்று மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டார்.

எனக்கும் ஆத்திரம்தான். ஒருநாள் பொரிந்து தள்ளினேன். "எங்கம்மா அங்கன மரத்தடியில வெத்தலைய மென்னுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்குத் தட்டுக்குத்தான் கூலி, மரத்தடிக்கு இல்ல. ஒன் ஓட்டக் கம்ப்யூட்டர யாருக்கிட்டயாச்சும் காட்டித் தொலையேன்." நீ என்னைப் பார்த்து, "இரு, ஊதும்" என்றாய். அன்று உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நீ உன் டப்பாவில் பாதியை என் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துபோனாய். உன் அம்மா வைத்த மீன்குழம்பு. சாப்பிட்டுவிட்டேன். கோபம் வேறு, பசி வேறு.

சாயங்காலம் ஆகிறதற்கு முன்னால் நீ எழுந்து வெளியே போவாய். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்கதவு வழியாக. கொஞ்ச நேரம் கழித்து வருவாய், கீபோர்டில் எதையோ தட்டுவாய், திரும்பக் குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவுவாய். தொழுகைக்குப் போகிறாய் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்திருந்தோம். அந்த நேரத்தில் உன்னை யாரும் கூப்பிடமாட்டோம். போன் வந்தால் நான் எடுத்து, "தொழப் போயிருக்கா, பெறவு பேசுங்க" என்று வைத்துவிடுவேன். முதலாளிகூட அந்த நேரத்தில் உன் பேரைச் சொல்லிக் கத்தமாட்டார். எங்கே தொழுகிறாய், எத்தனை நேரம் என்று கேட்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டோம். அம்புட்டு மரியாதை எங்களுக்கு.

பொங்கல் கழிந்து உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சும்மா காய்ச்சல்தானே என்று, "லீவு போட ஒனக்கு ஒரு சாக்கு" என்று மெசேஜ் அனுப்பினேன். நீ பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்பினாய். அதன்பின் மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அதன்பின் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விருதுநகரில் உன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டார்களே! நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்னும் அந்த மெசேஜை அழிக்கவில்லை.

உன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. என் கம்ப்யூட்டர் லோடு ஏற்றுகிற இடத்துக்குப் போனது. உன்னுடையதை என்னிடம் தள்ளிவிட்டு, "பில்லும் போட்டுக்கோ, அதையும் பாத்துக்கோ" என்றார் முதலாளி. ஒரே திரை. காவக்காரன் முன்னால் இருந்தால் பில் போட முடியாது. வரியின் கடைசியில் & என்ற குறியைப் போட்டால் புரோகிராம் பின்னால் போய் ஓடும் என்று எப்போதோ நீ சொன்னது ஞாபகம் வந்தது. போட்டேன். போனது. திரை எனக்குக் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பங்குனி வெயில் வந்தபிறகுதான் வினை ஆரம்பித்தது. முதல் சூடான நாள், மதியம் நீளச் சங்கு ஊதியது, ஆட்கள் மரத்தடிக்கு வந்தார்கள். பொழுது சாயத் தொடங்கியும் இரட்டைச் சங்கைக் காணோம். அதற்கு ரொம்ப முன்னாலேயே நான் அடித்துக்கொண்டிருந்த பில்லில் பார்ட்டியின் ஊர்ப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ எழுத்துக் குப்பை வந்து விழுந்து திரை கலைந்திருந்தது. எரிச்சலோடு பில்லை மூடினால் கீழே ஒரு வரி. காவக்காரன், Stopped. பக்கத்தில் tty input என்று இரண்டு சொல்.

ஏன் நின்றது? யாரைக் கேட்டு நின்றது? போர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி வாசலுக்கு வந்துவிட்டார். "தாயி, சங்கு என்ன ஆச்சு? பொம்பளையாளுக சத்தம் போடுதாக." எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. போட்டேன். ஓடியது. அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி நின்றது.

நான் பயந்தது கூலிக்காக மட்டும் இல்லை. அது நின்றுவிட்டால் சூட்டையும் பார்க்காது. நான் கவனிக்காமல் பில் போட்டுக்கொண்டே இருந்து, மறுநாள் வெயில் எகிறி, நீளச் சங்கு ஊதாமல் போனால்? மேடையில் நிற்பது என் அம்மா. ராத்திரி படுத்தால் அந்த Stopped கண்ணுக்குள் வந்தது. இது ஏன் அதே நேரத்தில் நிற்கிறது, வெயில் இல்லாத நாளில் ஏன் நிற்காமல் ஓடுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. பேய் கீய் பிடித்திருக்குமோ என்றுகூட நினைத்தேன், உன்மேல் சத்தியமாக.

நெட்டில் தேடினேன். பின்னால் ஓடுகிற புரோகிராம் கீபோர்டிலிருந்து எதையோ வாங்கப் பார்க்கிறது, அதனால் நிற்கிறது என்று போட்டிருந்தது. கீபோர்டுக்குப் பதிலாக ஒன்றுமில்லாத பாழ்கிணறு ஒன்றைக் காட்டிவிடு, /dev/null என்று. காட்டினேன். அது கக்குகிற எழுத்துக் குப்பையும் என் பில்லில் விழாமல் இருக்க, அதையும் அதே கிணற்றில் தள்ளிவிட்டேன். இனி எங்கே நிற்பாய், பார்க்கிறேன் என்று காத்திருந்தால், அதே நேரம், அதே வரி, Stopped. கிணற்றைக் காட்டினால் கிணற்றில் குடிக்க வேண்டியதுதானே?

fg என்று அடித்தால் பின்னால் இருப்பது முன்னால் வரும் என்று கண்டுபிடித்தேன். அடித்தேன். வந்தது. கறுப்புத் திரையில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடுப்பில் எண்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். உடனே கூரையில் இரட்டைச் சங்கு! நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அதுவே வழக்கமாகிவிட்டது. நிற்கும், முன்னால் கூப்பிடுவேன், எண்டர் தட்டுவேன், சங்கு ஊதும். எதற்குத் தட்டுகிறேன் என்று தெரியாமலே தட்டினேன். வேலை மும்முரத்தில் மணிக்கணக்காகத் தட்டாமல் விட்ட நாளும் உண்டு, அன்றெல்லாம் அம்மா வீட்டில் என்னை வறுத்தெடுத்தாள்.

கடைசியில் உன்னோடு படித்த காரியாபட்டிக்காரனுக்குப் போன் போட்டேன். இப்போது சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். உன் பேரைச் சொன்னதும் திரையில் வந்ததை வரி வரியாக வாசிக்கச் சொன்னான். அப்புறம் சொன்னான். "அது சாகலக்கா. நின்னுக்கிட்டு இருக்கு, அம்புட்டுத்தான். பின்னால ஓடுறது எதுவும் கீபோர்டத் தொடக்கூடாதுன்னு சிஸ்டத்துல சட்டம். தொடப் பாத்தா அப்படியே உறைய வச்சிரும். நீங்க கெணத்தக் காட்டினாலும் அவ அந்த எடத்துல நேரா /dev/tty-யத் தொறந்திருப்பா. அப்படின்னா, குழாய எங்க திருப்பினாலும், எதிர்ல உக்காந்திருக்குற ஆளத்தான் கேப்பேன்னு அர்த்தம்."

"என்னத்தக் கேக்குது?"

"அது தெரியல. அவ எழுதிவச்ச புரோகிராம் கோடப் பாத்தாத்தான் தெரியும். அவசரம்னா setsid-ன்னு முன்னால போட்டு ஓட்டுங்க. திரையோட இருக்குற ஒறவையே அத்துவிட்டுரும். கேக்க ஆளே இல்லன்னா எங்கன போய் நிக்கும்?"

அவசரம்தான். அறுத்துவிட்டேன்.

அன்று நீளச் சங்கு வழக்கம்போல ஊதியது. சாயங்காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே, கருவியில் சூடு இறங்கின அந்த நிமிஷமே, நான் எதையும் தொடாமல், இரட்டைச் சங்கு கணீரென்று ஊதியது. Stopped இல்லை. ஒன்றும் இல்லை. முதலாளி கதவைத் திறந்து, "இப்பத்தாம்மா கம்ப்யூட்டர் வழிக்கு வந்திருக்கு" என்றார். எனக்கு டீ சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் டீ அதுதான். குடித்துக்கூட முடிக்கவில்லை.

பின்கதவில் அம்மா நின்றாள்.

அவள் ஆபீஸ் பக்கம் வந்ததே கிடையாது. மேடையில் வேலை பார்க்கிறவர்கள் ஆபீசுக்குள் கால் வைக்கமாட்டார்கள், அது எழுதாத சட்டம். முழங்கைவரை பொடி. மூச்சிரைத்தது. முதலாளி இருக்கிறார் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"ஏட்டி! யாருட்டி சங்க ஊதுனது?"

"கம்ப்யூட்டரும்மா. சூடு எறங்கிருச்சு."

"எங்க எறங்கிருச்சு? அறைக்குள்ள எறங்கிரும். மேடை எறங்குமா? சிமெண்டு அது, இன்னும் கொதிக்கு! தாயில்பட்டிலருந்து புதுசா வந்த புள்ள ஒண்ணு, சங்கு கேட்டதும் ஓடிப்போயித் தட்ட இழுக்கக் குனிஞ்சிட்டா. நான் போட்ட கூப்பாட்டுல அப்படியே நின்னா. சரக்கு அம்புட்டும் சூட்டோட கெடக்கு. ஒரு உரசு உரசியிருந்தா…"

சொல்லி முடிக்கவில்லை. முடிக்காமலே எல்லோருக்கும் புரிந்தது. முதலாளி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ள இருந்தவரைக்கும் இப்படி ஒருநாளாச்சும் நடந்துச்சா?" என்றாள் அம்மா.

"எந்தப் புள்ளம்மா?"

"எந்தப் புள்ளையா? ஒங்கூடவே இருந்துச்சே, முக்காடு போட்ட புள்ள. தெனமும் வருமே. செருப்பக் கழட்டி வச்சிட்டு, ஒடம்புல இருக்குற கரண்டு எறங்க அங்கன பதிச்சிருக்குற செம்புத் தகட்டத் தொட்டுட்டு மேடைக்கு வரும். கைய விரிச்சு சிமெண்டுல வைக்கும். சுட்டா, உதறிக்கிட்டுப் போயிரும். மறுபடியும் வரும். அது வந்து தொட்டுட்டுப் போன பெறகுதான் சங்கு ஊதும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஏன் நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்? நீங்கதான் ஆபீஸ்லருந்து அனுப்புதீகன்னுல்ல நெனச்சேன்."

நாங்கள் தொழப் போயிருக்கிறாய் என்று நினைத்தோம். அவர்கள் ஆபீஸ் அனுப்புகிறது என்று நினைத்தார்கள். நடுவில் நீ ஒருத்திதான் அந்த வேப்பமரங்களுக்கு இடையில் போய்வந்துகொண்டிருந்தாய். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் முதலாளி நிறுத்திவிடுவார் என்றா? நானே கூலி போகிறது என்று சண்டைக்கு வருவேன் என்றா? வந்தேன்தானே.

முதலாளி முன்னாலேயே காவக்காரனை நிறுத்தினேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நான் சொல்லும்வரை மேடைப் பக்கம் யாரையும் விடவேண்டாம் என்றேன். அப்புறம் நீ எழுதிவைத்ததைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் அந்த இடம் புரிந்தது. சூடு இறங்கியதும், சங்கு ஊதுவதற்கு முன்னால், திரைக்கு எதிரில் இருக்கிற ஆளைப் பார்த்து அது ஒரு கேள்வி கேட்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் நம் பேச்சு.

"மேடையத் தொட்டுப் பாத்தியா?"

அவ்வளவுதான். என் பில்லின் நடுவே வந்து விழுந்த குப்பை அதுதான். நான் கிணற்றில் தள்ளிவிட்டது இந்தக் கேள்வியை. கேள்வி கண்ணில் படாமலே அன்றாடம் எண்டரைத் தட்டித் தட்டி அதற்கு ஆமாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் நல்ல நேரம், அந்த நாட்களில் நான் தட்டப் போகையில் எப்படியும் நேரம் கடந்துபோயிருந்தது, மேடை ஆறியிருந்தது.

அடுத்த வரியைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. N என்று சொன்னால் காத்திருக்க வேண்டும். வேறு எது வந்தாலும் சங்கு. பதிலே வராவிட்டால்? கேட்பதற்கு ஆளே இல்லாவிட்டால்? அதற்கென்று ஒரு வரி இல்லை, N வராததால் அதுவும் சங்குதான். மேலேயும் கீழேயும் தேடினேன். கருவி பழுதானால் என்ன செய்ய, கரண்டு போய் வந்தால் என்ன செய்ய, எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறாய். நாற்காலியில் நீ இருக்கமாட்டாய் என்பது மட்டும் உனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தோன்றும்?

"ஒரு கேள்விக்காக ஒரு கம்ப்யூட்டர ஒதுக்கணுமா?" என்று மறுநாள் முதலாளி இழுத்தார். "பேசாம ஆமான்னே போட்டுவிட்டுரேன். சூடு எறங்கினதுக்கு அப்புறம் அரை மணி தள்ளி ஊதுற மாதிரி வச்சிட்டாப் போதாதா?"

"வாங்க மொதலாளி, தொட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. அரை மணியா, ஒரு மணியான்னு" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அவர் வரவில்லை. ஆனால் லோடு ஏற்றுகிற இடத்துக்குப் போன என் கம்ப்யூட்டர் இரண்டு நாளில் திரும்பி வந்தது. உன்னுடையதில் பின்னால் ஒன்றும் ஓடவில்லை இப்போது. காவக்காரன் மட்டும், முன்னால், முழுத் திரையில். பதில் வராவிட்டால் ஊதாதே என்று ஒரு வரி காரியாபட்டிக்காரனைக் கேட்டுச் சேர்த்தேன். உன் எழுத்தில் நான் கைவைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அப்புறம் முதல்முறையாக மேடைக்குப் போனேன். இந்தக் கம்பெனியிலேயே வளர்ந்தவள் மாதிரிப் பேசுவேன், ஆனால் வேப்பமரத்தைத் தாண்டினதில்லை. செருப்பைக் கழற்றினேன். செம்புத் தகட்டைத் தொட்டேன். மரத்தடியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். தட்டில்லாத ஓரமாகப் பார்த்து உள்ளங்கையை விரித்து வைத்தேன். சுர்ரென்று ஏறியது. கையை எடுத்து உதறினேன். மரத்தடியில் யாரோ, "அதே மாதிரி உதறுதா பாரு" என்றாள். அம்மா மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசுக்கு வந்தேன். திரையில் உன் கேள்வி காத்துக்கொண்டிருந்தது. விரலில் பொடி. துடைக்காமலே N-ஐ அழுத்தி எண்டரைத் தட்டினேன். அதுவரைக்கும் N சொன்னால் திரையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. கோடில் படித்தபோது காத்திருக்கும் என்பது மட்டும்தான் புரிந்தது. திரையில் ஒரு வரி வந்தது.

"சரி. பெறவு கேக்கேன்."

நீ பேசுகிற மாதிரியே இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள் ஆகிறது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. அப்படியானால் நீ எப்போது தொழுதாய்? எங்கே? அம்மாவைக் கேட்டேன். "அது எனக்கெப்படித் தெரியும்? மேடையத் தொட்டுட்டு மரத்தடியில கொஞ்ச நேரம் தனியா நிக்கும். அப்புறம் போயிரும். அம்புட்டுத்தான் கண்டேன்" என்றாள். உன் அம்மாவைக் கேட்கலாம். ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நோன்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போவேன். அப்போதும் கேட்பேனா என்று தெரியாது.

கீபோர்டைத் துடைத்து முடித்துவிட்டேன். மூன்று பொத்தானும் கறுப்பாகவே இருக்கின்றன. இப்போது வெளிச்சத்தில் பார்த்தால், மூன்றும் ஒரே கறுப்பு இல்லை. Y கொஞ்சம்தான். N-இல் எழுத்தே மறைந்துவிட்டது. அத்தனை முறை இல்லை என்று சொல்லியிருக்கிறாய். அத்தனை முறை வெயிலில் நடந்திருக்கிறாய். அப்புறம் முதலாளியிடம் கம்ப்யூட்டர் ஸ்லோ என்று சொல்லிவிட்டு, என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, மீன்குழம்பில் பாதியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். புதுக் கீபோர்டு பெட்டியிலேயே கிடக்கட்டும்.

இதோ, சூடு இறங்கிவிட்டது. நீ கேட்டாய். போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது. N-ஐ அழுத்திவிட்டேன். பெறவு கேட்பதாகச் சொல்லியிருக்கிறாய். கேள், நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.